புக்கிங் முதல் ஆயில் மாற்றம் வரை: வேலூரில் புது கார் வாங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

எட்டு வாரத்தில் கார் வந்துவிடும் என்றார்கள். வந்தது இருபத்திரண்டாவது வாரத்தில். அந்த ஐந்து மாதமும் ஷோரூமுக்குப் போன் போட்டு நான் கேட்டது ஒரே கேள்விதான்: "எப்போ வரும்?" கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு.

கார் வந்த பிறகு இன்னொரு தப்பு செய்தேன். சத்துவாச்சாரியிலிருந்து சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு அம்மாவை அழைத்துப் போவது, மகளை டியூஷனில் விடுவது, எப்போதாவது காட்பாடி ஸ்டேஷன். இவ்வளவுதான் எங்கள் ஓட்டம். ஒரு வருடம் நெருங்கியும் மீட்டரில் 3,900 கிலோமீட்டர்தான். பத்தாயிரம் ஆகவில்லையே, என்ன அவசரம் என்று ஆறு மாத சர்வீஸையும் தள்ளிவிட்டேன். வேலப்பாடியில் கார் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் பொனட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி மூக்கருகே கொண்டுபோனார். "பெட்ரோல் வாடை அடிக்குதுண்ணா. கிலோமீட்டர் ஓடலைன்னா என்ன, நாள் ஓடியிருக்கே."

கார் விஷயத்தில் கிலோமீட்டரையும் விலையையும் பார்க்கிற அளவுக்கு நாம் தேதியைப் பார்ப்பதில்லை. புக்கிங் தேதி, தயாரிப்புத் தேதி, பில் தேதி, ஆயில் மாற்றிய தேதி. இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் என் சங்கடங்களில் பாதி வந்திருக்காது. ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: புக் செய்வதற்கு முன்

காத்திருப்புக் காலம் என்பது ஒரு மாடலுக்கு ஒன்று என்று நினைக்காதீர்கள். ஒரே மாடலில் நடுத்தர வேரியன்ட் வெள்ளை நிறத்தில் இரண்டு வாரத்தில் கிடைக்கும். உயர் வேரியன்ட் ஆட்டோமேட்டிக், இரட்டை நிறம் என்றால் மாதக்கணக்கில் ஆகும். தொழிற்சாலையில் எது அதிகம் விற்கிறதோ அதைத்தான் மொத்தமாக ஓட்டுவார்கள். அதனால் "இந்தக் காருக்கு வெயிட்டிங் எவ்வளவு?" என்று கேட்காமல், "இந்த வேரியன்ட், இந்த நிறம், இப்போது உங்கள் ஸ்டாக்யார்டில் (கார்களை நிறுத்திவைக்கும் இடத்தில்) இருக்கிறதா? போன மாதம் எத்தனை வந்தது?" என்று கேளுங்கள். ஒரே டீலருக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று கிளைகள் இருந்தால் எல்லாக் கிளைகளின் ஸ்டாக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் ஊரில் பலரும் சொல்வது: "ஃபேக்டரி இருங்காட்டுக்கோட்டையில்தானே இருக்கு, ரெண்டு மணி நேரத்தில் வந்துடாதா?" ஹூண்டாய் அங்கே 1998 முதல் கார் தயாரிக்கிறது. நம் ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்திலேயே டாடா மோட்டார்ஸ் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதற்கும் உங்கள் முறை வருவதற்கும் சம்பந்தமில்லை. நாடு முழுக்க இருக்கும் டீலர்களுக்கு ஒதுக்கீடு பிரித்துக் கொடுக்கிறார்கள். அந்த ஒதுக்கீட்டில் வேலூருக்கு என்ன வந்தது என்பதுதான் கணக்கு.

மாதமும் முக்கியம். ஆடியில் நம் பக்கம் யாரும் வண்டி எடுப்பதில்லை. ஆவணி பிறந்ததும் கூட்டம் மொய்க்கும், ஆயுத பூஜைக்கு இன்னும் கூடும். ஆடியிலேயே புக் செய்து, கார் வந்ததும் பார்த்துவைத்து, ஆவணி முதல் வாரத்தில் டெலிவரி எடுப்பது நல்ல வழி. மார்கழியும் அப்படித்தான். ஆனால் தை பிறக்கட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு டிசம்பரில் தயாரான கார் ஜனவரியில் கைக்கு வரும். தேதி அளவில் ஒரு மாதம்; விற்கும்போது ஒரு வருடம் பழையது.

இரண்டாம் படி: புக்கிங் தாளில் என்ன இருக்க வேண்டும்

புக்கிங் பணத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். செக் அல்லது யு.பி.ஐ., அதுவும் ஷோரூம் பெயரில் உள்ள கணக்குக்கு. ரசீதில் வேரியன்ட், நிறம், எரிபொருள், எதிர்பார்க்கும் டெலிவரி தேதி நான்கும் இருக்க வேண்டும். "தேதி எழுத முடியாது சார், கம்பெனி ஒத்துக்காது" என்பார்கள். சரி, "தோராயமாக இத்தனை வாரம்" என்றாவது எழுதச் சொல்லுங்கள். அதுவும் முடியாது என்றால், வீட்டுக்கு வந்ததும் "நீங்கள் இன்று எட்டு வாரம் என்று சொன்னீர்கள்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். பிற்பாடு புகார் கொடுக்க வேண்டி வந்தால் அந்த மின்னஞ்சல்தான் உங்கள் சாட்சி.

ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாளில் திருப்புவார்கள் என்பதைச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதை அங்கேயே உட்கார்ந்து படியுங்கள்.

விலை பற்றி ஒன்று. புக் செய்த நாளின் விலை உங்களுக்குக் கிடைக்காது. பில் போடும் நாளின் விலைதான் பொருந்தும் என்று அந்தத் தாளிலேயே பெரும்பாலும் இருக்கும். 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. குறைந்தபோது இது வாங்குபவருக்குச் சாதகமாக அமைந்தது. ஜனவரி விலையேற்றத்தில் பாதகமாக அமையும். தமிழ்நாட்டில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது: 2023 நவம்பரில் மாற்றிய சாலை வரிப்படி, 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். நீங்கள் பார்க்கும் கார் 9 லட்சத்து 90 ஆயிரம் என்றால், காத்திருக்கும் காலத்தில் வரும் ஒரு சின்ன விலையேற்றம் உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். அந்த விலையில் இருப்பவர்கள் உடனே கிடைக்கும் நிறத்தை எடுப்பதே மேல் என்பது என் எண்ணம்.

கடன் வாங்குகிறவர்கள் கவனிக்க: சேசிஸ் நம்பர் (ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள அடையாள எண்) கையில் வராமல் வங்கியிலிருந்து பணத்தை டீலருக்கு அனுப்பவிடாதீர்கள். பணம் போன நாளிலிருந்து வட்டி ஓடும். கார் வராமலே தவணை கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாம் படி: டெலிவரி தள்ளிப்போகும்போது

2021, 2022-ல் சிப் தட்டுப்பாட்டால் உலகம் முழுக்கக் கார்கள் தாமதமாயின. இன்று தாமதமென்றால் பெரும்பாலும் ஒதுக்கீடு, அல்லது உங்கள் முறையில் வேறொருவர் நுழைந்தது. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்தால்தான் பேச முடியும். புக்கிங் மட்டும் ஆகியிருக்கிறதா, உங்கள் பெயருக்குச் சேசிஸ் நம்பர் அலாட் ஆகிவிட்டதா, லாரியில் ஏறிவிட்டதா, ஸ்டாக்யார்டுக்கு வந்துவிட்டதா. இந்த நான்கில் ஒன்றைத்தான் அவர்கள் பதிலாகச் சொல்ல வேண்டும். "வந்துட்டே இருக்கு சார்" என்பது பதில் ஆகாது.

அலாட் ஆனதும் சேசிஸ் நம்பரை எழுத்தில் வாங்கிவிடுங்கள். எனக்கு ஒரு நம்பர் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து வேறொரு நம்பர். என் காரை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. முதல் நம்பர் என்னிடம் எழுத்தில் இருந்ததால் மேனேஜர் முன்னால் வைத்துக் கேட்க முடிந்தது. அடுத்த ஒன்பதாவது நாள் கார் வந்தது.

தினமும் போன் செய்வதில் பயனில்லை. வாரம் ஒருமுறை, மின்னஞ்சலில் கேளுங்கள். சொன்ன காலம் தாண்டி ஒரு மாதம் ஆகிவிட்டால் டீலரை விட்டுவிட்டு, கார் கம்பெனியின் வாடிக்கையாளர் மையத்தில் புகார் எண் வாங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து வேலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கடை எங்கே இருக்கிறது என்பது தடையில்லை. பெரும்பாலும் 1915 வரை போவதற்குள் வேலை நடந்துவிடும்.

காத்திருக்கும் காலத்தில் பழைய காரின் இன்ஷூரன்ஸ் முடிந்துவிடாமல் பாருங்கள். அதை விற்கும்போது நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான தள்ளுபடி) சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். புதுக் காரின் இன்ஷூரன்ஸில் அது கழியும், அதிகபட்சம் 50 சதவீதம் வரை. எக்ஸ்சேஞ்சுக்கு முதலில் சொன்ன விலை மாதங்கள் போனால் நிற்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நான்காம் படி: மீதிப் பணம் கட்டும் முன், தயாரிப்புத் தேதி

மீதித் தொகையைக் கட்டுவதற்கு முன்னால், பதிவுக்கு அனுப்புவதற்கும் முன்னால், காரை நேரில் பாருங்கள். பதிவு ஆகிவிட்டால் அது உங்கள் கார். அப்புறம் கீறலுக்கும் தேதிக்கும் சண்டை போட முடியாது.

சேசிஸ் நம்பர் 17 எழுத்து கொண்டது. பல கம்பெனிகளில் பத்தாவது எழுத்து வருடத்தைக் குறிக்கும்: ஆர் என்றால் 2024, எஸ் என்றால் 2025. மாதத்துக்கான குறியீடு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இதில் குழப்பம் வேண்டாமென்றால் படிவம் 21 எனும் விற்பனைச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். தயாரித்த மாதமும் வருடமும் அதிலேயே எழுதியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம். பேட்டரியிலும் தேதி உண்டு.

இதை ஏன் இவ்வளவு பார்க்க வேண்டும்? வாரன்டி உங்களுக்குக் கொடுத்த நாளில்தான் தொடங்கும். ஆனால் ஆயில், பேட்டரி, டயர் எல்லாம் தயாரித்த நாளிலிருந்தே வயதாகிக்கொண்டிருக்கின்றன. கத்திரி வெயிலில் திறந்தவெளி யார்டில் நான்கு மாதம் நின்ற காரும், நேற்று லாரியில் இறங்கிய காரும் ஒன்றல்ல. இரண்டு மூன்று மாதப் பழசு சகஜம், அதற்கு மல்லுக்கு நிற்க வேண்டாம். ஆறு மாதத்தைத் தாண்டினால், அல்லது போன வருடத்து வண்டி என்றால், வேறு கார் கேளுங்கள். இல்லையேல் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். கூடவே பேட்டரியைச் சோதித்து எழுதித் தரச் சொல்லி, ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள்.

பார்க்கப் போகிறவர்கள் காலை வெளிச்சத்தில் போங்கள், மாலை டியூப்லைட்டில் பெயின்ட் குறை தெரியாது. மீட்டரில் நூறு கிலோமீட்டருக்குமேல் இருந்தால் காரணம் கேளுங்கள். பொனட்டுக்குள் வயர்களை எலி கடித்திருக்கிறதா பாருங்கள். நம்பர் பிளேட் இல்லாமல் காரை வெளியே எடுக்காதீர்கள். 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய கார்களுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை டீலரே பொருத்தித் தர வேண்டும்.

ஐந்தாம் படி: முதல் ஆயிரம் கிலோமீட்டர்

ரத்தினகிரியில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் ஏற்றி, அடுத்த நாளே குடும்பத்தோடு திருமலைக்குப் போவது நம் பக்கத்து வழக்கம். போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் புது இன்ஜினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று பழகும் காலம் அது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்காதீர்கள். ஆறு வழிச் சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் போகாமல், கொஞ்சம் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். மலையேறும்போது தாழ்ந்த கியரில் இன்ஜினைத் திணறவிடாமல் ஏற்றுங்கள். ஏழு பேரும் சாமானும் ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளும் இரண்டு மாதம் கழித்து இருக்கட்டும்.

ஆறாம் படி: சர்வீஸ் இடைவெளியைச் சரியாகப் படிப்பது

நம் ஊரில் அதிகம் விற்கும் பல கார்களுக்கு அட்டவணை ஏறக்குறைய இப்படி இருக்கும்: 1,000 கிலோமீட்டர் அல்லது ஒரு மாதம், 5,000 அல்லது ஆறு மாதம், 10,000 அல்லது ஒரு வருடம், அப்புறம் ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் அல்லது ஒவ்வொரு வருடத்துக்கும். உங்கள் கையேட்டில் உள்ளதே இறுதி. அதில் "எது முதலில் வருகிறதோ" என்று ஒரு தொடர் இருக்கும். நான் கோட்டைவிட்டது அந்தத் தொடரைத்தான். வாரன்டி கேட்டுப் போகும்போது தேதி தவறிய சர்வீஸ்தான் முதலில் கண்ணில் படும்.

கையேட்டின் கடைசிப் பக்கங்களில் "கடினமான பயன்பாடு" என்று இன்னொரு அட்டவணை உண்டு. பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டியதே இல்லை. குறைந்த தூர ஓட்டம், நெரிசலில் நின்று நின்று போவது, தூசி, கடும் வெயில், மலை, அதிகச் சுமை. இவை கடினமான பயன்பாடு என்று அதில் இருக்கும். கிரீன் சர்க்கிளில் மாலை ஆறு மணிக்கு நின்றிருக்கிறீர்களா? மே மாதம் 42, 43 டிகிரி தொடும் ஊர் நம்முடையது. காட்பாடி மேம்பாலத்துக் காத்திருப்பு, ரோடு வேலைத் தூசி எல்லாம் சேர்த்தால், வேலூர் நகரத்துக்குள் மட்டும் ஓடும் கார் அந்தப் பட்டியலில்தான் வரும். அந்த அட்டவணையில் ஆயில் மாற்றும் இடைவெளி ஏறக்குறையப் பாதியாகும்: 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம். ஏர் ஃபில்டரையும் ஐயாயிரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

இதற்கு மாறாக, வாரம் மூன்று நாள் ஆம்பூர், வாணியம்பாடி என்று நெடுஞ்சாலையில் போய்வருபவரின் ஆயில் பத்தாயிரம் வரை நன்றாகவே இருக்கும். அவர் காரைவிட, மாதம் 300 கிலோமீட்டர் ஓடும் என் காருக்குத்தான் அதிகக் கவனிப்பு தேவைப்படுகிறது.

இலவச சர்வீஸ் என்றால் கூலி மட்டும் இலவசம். ஆயில், ஃபில்டர், மற்ற செலவுப் பொருள்களுக்குப் பணம் உண்டு. முதல் சர்வீஸில் பெரும்பாலும் ஆயில் மாற்றமாட்டார்கள், பார்த்துவிட்டு அனுப்புவார்கள். யார்டில் நெடுநாள் நின்ற கார் என்றால் அப்போதே காசு கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்திருக்க வேண்டும்.

ஏழாம் படி: ஆயில்

குறைந்த தூர ஓட்டத்தில் ஆயிலுக்கு என்ன ஆகிறது என்பது புரிந்துவிட்டால் மற்றவை தானாக விளங்கும். இன்ஜின் சூடாகாத நேரத்தில் பெட்ரோல் கூடுதலாகத் தெளிக்கப்படும். அதில் கொஞ்சம் எரியாமல் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். எரியும்போது உண்டாகும் நீராவியும் உள்ளே குளிர்ந்து தண்ணீராகும். ஆயில் நன்றாகச் சூடேறிக் கொஞ்ச நேரம் ஓடினால் இரண்டும் ஆவியாகி வெளியேறும். டேஷ்போர்டு முள் ஐந்து நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடும், ஆனால் அது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூடு. ஆயில் சூடாக இன்னும் பத்து நிமிடம் வேண்டும். சத்துவாச்சாரியிலிருந்து சி.எம்.சி. போய்ச் சேர்வதற்குள் அந்தச் சூடு வருவதே இல்லை. வெளியே 42 டிகிரி கொளுத்தினாலும், ஆயிலுக்குத் தேவையான 90, 100 டிகிரிக்கு அது எங்கே!

அதனால் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். வாலாஜா வரை போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 புகை விதிக்குப் பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. சீரான வேகத்தில் இருபது நிமிடமாவது ஓடினால்தான் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும். பாதியில் வண்டியை அணைத்துக்கொண்டே இருந்தால் டீசல் ஆயிலில் கலந்து அளவு ஏறும்.

டிப்ஸ்டிக் பார்க்கும் முறை: சமமான தரையில் நிறுத்துங்கள். ஓடிவந்த இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். உருவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, முழுக்கச் செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில், மேல்பாதியில் இருக்க வேண்டும். கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் இடைவெளி சிறிய கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர். குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நிரப்புங்கள். மேல் குறியைத் தாண்டினால் கிராங்க் சுழலும்போது ஆயில் நுரைத்துப்போகும். அதிகம் ஊற்றுவதும் கேடுதான். நீங்கள் ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால், எரிபொருள் கலந்திருக்கிறது. தள்ளிப்போடாமல் மாற்றுங்கள்.

கறுத்த ஆயிலைப் பார்த்துப் பதற வேண்டாம். அழுக்கைத் தன்னுள் இழுத்து வைத்திருப்பதுதான் அதன் வேலை. டீசலில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். மோர் நிறத்துக்கு வந்தால்தான் ஆபத்து, கூலன்ட் கலக்கிறது என்று பொருள். மூடியின் அடியில் மட்டும் லேசான வெண்மை, அதுவும் மார்கழிக் காலையில் என்றால், குளிர்ந்து படிந்த நீராவி. ஒரு நீண்ட ஓட்டத்தில் போய்விடும்.

அடுத்து, எந்த ஆயில்? "வேலூர் வெயிலுக்குக் கெட்டியா 20டபிள்யூ-50 ஊத்துங்க" என்று இன்றும் சொல்கிறார்கள். பழைய இன்ஜின்களுக்கு அது பொருந்தியது. 0டபிள்யூ-20 என்பதில் முதல் எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பது. இரண்டாவது எண் 100 டிகிரியில் அதன் கெட்டித்தன்மை. தெர்மோஸ்டாட் இன்ஜின் சூட்டைக் கட்டுக்குள் வைப்பதால், வெளி வெயில் நாம் பயப்படும் அளவுக்கு உள்ளே போவதில்லை. இன்றைய இன்ஜின்களில் ஆயில் போகும் வழிகள் மிகக் குறுகியவை. கெட்டி ஆயில் அங்கே தாமதமாகப் போய்ச் சேரும். காலையில் ஸ்டார்ட் செய்யும் அந்த முதல் நொடிகளில்தான் தேய்மானம் அதிகம். கையேடு 0டபிள்யூ-20 என்றால் அதுவே, 5டபிள்யூ-30 என்றால் அதுவே. டப்பாவில் தரக் குறியீட்டையும் பாருங்கள்: பெட்ரோல் காருக்கு ஏ.பி.ஐ. எஸ்.பி. (2020-ல் வந்தது) அல்லது அதற்குப் புதியது. புகைக்கரி ஃபில்டர் உள்ள டீசலுக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் வேண்டும்; கரி எரிந்துபோகும், சாம்பல் எரியாது, அடைத்துக்கொள்ளும்.

ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் விட்டு, முதல் ஒரு கிலோமீட்டர் மெதுவாகப் போனால் போதும். டர்போ இன்ஜின் என்றால், வேகமாக வந்து நின்றதும் அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள்.

எட்டாம் படி: சர்வீஸ் சென்டரில்

செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் ஜாப் கார்டில் உங்கள் வாயால் சொன்னதெல்லாம் எழுத்தில் வந்திருக்கிறதா பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இன்ஜின் ஃப்ளஷ், கோட்டிங், ஆடிட்டிவ் என்று பட்டியல் நீளும்போது, "கையேட்டில் இந்தக் கிலோமீட்டருக்கு இது இருக்கா தம்பி? காட்டுங்க" என்று கேளுங்கள். இல்லாததை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பில்லில் ஆயில் அளவைச் சரிபாருங்கள். கையேட்டில் 3.1 லிட்டர் என்றிருக்க, நான்கு லிட்டருக்குப் பணம் வாங்கினால் மீதியைக் கேளுங்கள். ஆயில் மாற்றும்போதெல்லாம் ஆயில் ஃபில்டரும், டிரெயின் போல்ட்டின் வாஷரும் புதிதாக இருக்க வேண்டும். வாஷர் சில ரூபாய்தான், பழையதைப் போட்டால் கசியும்.

வெளியே மாற்றுகிறவர்கள் காலி டப்பாவை ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள், கலப்பட ஆயில்காரர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். பழைய ஆயிலைச் சாக்கடையிலோ ஏரிக்கரையிலோ கொட்டவிடாதீர்கள். தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்கு, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் தீர்ப்பு வாங்கினோம். நாமே அந்த மண்ணில் ஆயிலை ஊற்றலாமா? பழைய ஆயிலை வாங்கிச் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தேதியையும் கிலோமீட்டரையும் நோட்டில் எழுதுங்கள். இரவு கார் நிற்கும் இடத்தில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் ஒரு துளி ஆயில் இருந்தாலும், டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்துவிட்டு அன்றே திரும்பக் கொண்டுபோங்கள்.